திருமுக்கூடற் சாசனமும் வேது பிடித்தலும்

காஞ்சிபுர மாவட்டத்தில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில் திருமுக்கூடல் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. ஒரகடத்தினின்று வாலாசாபாத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலையைப் பற்றிச் சென்று, பின்னர்ப் பாலாற்றைக் கடந்தால் அவ்வூரை அடையலாம். அவ்வூர் வேங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரில் வீரராசேந்திர சோழனின் 5ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று காணப்படுகிறது. அதன் காலம் கி.பி. 1067-68 ஆகும். கே. வி. சுப்பிரமணிய ஐயர் 'எபிகிராபியா இண்டிகா' 21ஆம் தொகுதியில் அதனைப் பதிப்பித்த நாள்முதல், தமிழகத்து மருத்துவ வரலாறு எழுதப் புகுந்தோர் அனைவரும் அதனை எடுத்தாண்டு வருகின்றனர். வீரசோழன் என்னும் பெயரால் வழங்கிய ஆதுலர்சாலை ஒன்றின் நடைமுறையை அது விரித்துரைப்பதே அதற்குக் காரணம்.

அவ் ஆதுலர்சாலையில் நோயாளர் பதினைவர்க்குப் படுக்கை இருந்தது. சவர்ணன் கோதண்டராம அசுவத்தாமபட்டன் என்னும் மருத்துவன் ஒருவன், அறுவை செய்வான் ஒருவன், மூலிகை பறித்தும் விறகு கொணர்ந்தும் மருந்து செய்வார் இருவர், நோயாளர்க்கு வேண்டுவன செய்து மருந்து அடும் பெண்டுகள் இருவர் ஆகியோர்க்கு நிவந்தம் வகுக்கப்பட்டிருந்தது. இரவெல்லாம் எரிதற்கு விளக்கெண்ணெயும் ஒதுக்கப்பட்டது. ஓராண்டுக்கு இருப்பில் வைத்தற்குரிய மருந்துகள் ஏறத்தாழ இருபது, பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் வாசாஹரீதகி என்பது ஆடாதோடையும் கடுக்காயும் சேர்ந்த மருந்தாதல் பெயராலேயே விளங்கும். இருமலுக்கும் நெஞ்சுச்சளிக்கும் ஆடாதோடை இன்றும் வழங்குவதை யாவரும் அறிவர். ஆகவே சளிநோய் அச்சாலையின் கவலைகளுள் ஒன்றாய் இருந்தது என்பதில் ஐயமில்லை.

ஆயினும், சளிக்கும் தலைபாரத்துக்கும் தமிழர் வீடுகளில் முதலில் நினைவுக்கு வரும் முறையாகிய வேது பிடித்தலைப் பற்றி அச்சாசனத்தில் ஒரு சொல்லும் இல்லை. தைலம் உண்டு, கிருதம் உண்டு, வடகம் உண்டு, வேது இல்லை. இம் மௌனத்தை எங்ஙனம் பொருள்கொள்வது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

சாசனத்தில் இல்லாமை வழக்கில் இல்லாமை ஆகாது என்று கூறி இதனைக் கடந்துவிடலாம். அது உண்மையே எனினும் போதிய விடையன்று. ஏனெனில் இக்கல்வெட்டு சிறு செலவுகளையும் விடாது கணக்கிடும் இயல்புடையது. அங்கு உறைந்து கல்வி கற்ற மாணாக்கர்க்குச் சனிக்கிழமை எண்ணெய் முழுக்குக்கு உரிய எண்ணெயையும், படுக்கும் பாயையும்கூட அது விடவில்லை. அத்தகைய சாசனம் வேதினை விட்டதற்குக் காரணம் வேண்டும். எம் கருத்து இது: சாசனம் பதிவது பொருளைக் கொடுத்து வாங்கும் செலவை மட்டுமே. வேதுக்கு வேண்டுவன இலை, நீர், விறகு, சட்டி, போர்வை. இலை வேலியில் உள்ளது. நீர் கிணற்றில் உள்ளது. விறகு அடுக்களைக்கு என முன்னரே கணக்கிடப்பட்டது. இருப்பில் வைத்துக் காக்கவேண்டிய பொருள் அதில் ஒன்றும் இல்லை. செய்த பொழுதே தீர்ந்துபோகும் மருந்து அது. ஆண்டுக் கணக்கில் ஏறுதற்கு அதற்கு வழியில்லை.

இதனோடு மற்றொன்றும் நோக்கற்பாலது. அச்சாசனத்தில் மருத்துவனுக்குப் பெயர் உண்டு. மருந்து அடும் பெண்டிர் இருவர்க்கும் பெயர் இல்லை. வேது அங்கு நடைபெற்றிருக்குமாயின், அதனைச் செய்தோர் அப்பெண்டிரே ஆவர்.

இனிச் சொல்லை நோக்குவோம். 'வேது' என்பதற்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி வெம்மை என்னும் பொருளையும் ஒற்றடம் என்னும் பொருளையும் தருகிறது. வடமொழி 'ஸ்வேதம்' என்பதன் திரிபே இது எனக் கூறுதல் எளிது. சரகசங்கிதையின் சூத்திரஸ்தானத்து 14ஆம் அத்தியாயம் முழுதும் ஸ்வேதம் பற்றியதாதலின் அவ்வாறு கருதுவார்க்கு ஓர் ஆதாரமும் கிட்டும். ஆனால் வெது, வெதுப்பு, வெதும்பு, வெய்து, வெம்மை, வேனில் எனத் தமிழில் ஒரு பெருங்குடும்பமே 'வே' என்னும் அடியைச் சுற்றி நிற்கும்போது, வேதினை மட்டும் அதினின்று பிரித்து வெளியே அனுப்புதல் பொருந்தாது. பொருள்நிலையிலும் வேறுபாடு உண்டு. ஸ்வேதம் என்னும் சொல் வியர்வையைக் குறிப்பது. அஃதாவது உடலில் தோன்றும் விளைவால் பெற்ற பெயர். வேது என்பது வெம்மையைக் குறிப்பது. அஃதாவது உடலின்மீது செலுத்தப்படும் கருவியால் பெற்ற பெயர். ஒரே செயலை இரு மொழியும் இருமுனையினின்று நோக்கிப் பெயரிட்டன என்று கொள்வதே தகும். கடன்கொண்டது என்பார், பொருள் எவ்வாறு விளைவினின்று கருவிக்குப் பெயர்ந்தது என்பதையும் காட்டுதல் வேண்டும்.

வேது பிடித்தல், ஆவி பிடித்தல் என இருவகையாகவும் மக்கள் வழங்குவர். ஆவி என்பது உயிருக்கும் மூச்சுக்கும் நீரின் புகைக்கும் பொதுவாகிய சொல். 'பிடித்தல்' என்னும் வினையும் கருதத்தக்கது. மருந்தை உண்கிறோம், பூசுகிறோம், இடுகிறோம்; ஆவியை மட்டும் பிடிக்கிறோம். நழுவி ஓடும் பொருளைப் போர்வைக்குள் மடக்கி நிறுத்தும் செயல் அச்சொல்லில் அடங்கியுள்ளது. 19ஆம் நூற்றாண்டில் நீராவிக் கப்பலும் நீராவி எந்திரமும் வந்தபோது தமிழர் புதுச்சொல் தேடி அலையவில்லை. சட்டியின்மேல் எழுந்த அதே ஆவி எந்திரத்துக்கும் ஆயிற்று.

சங்க நூல்களில் நேரிய சான்று உண்டா எனின், வேது பிடித்தலை விளக்கும் இடம் எதனையும் யாம் காட்டற்கில்லை. ஆனால் அதன் உறுப்புகள் தனித்தனியே அந்நூல்களில் காணக் கிடைக்கின்றன. நக்கீரரின் நெடுநல்வாடை, வாடைக் காலத்துக் குளிரில் ஆயர் தீயில் கைகாய்ச்சிக் கன்னம் நடுங்க நிற்றலையும், நகரத்து மாந்தர் குறுகிய வாயையுடைய கன்னலில் குளிர்ந்த நீர் பருகாது அகன்ற வாயையுடைய தடவில் நெருப்பிட்டுக் காய்தலையும் கூறுகிறது. தடவு என்பது நெருப்புச்சட்டி. புறநானூற்று 281ஆம் பாடலில் அரிசில்கிழார் புண்பட்ட வீரனைப் பேணும் மனையைக் காட்டுகிறார். இரவமும் வேம்பும் மனையில் செருகப்படுகின்றன, ஐயவி சிதறப்படுகிறது, நறும்புகை வீடெங்கும் ஊட்டப்படுகிறது. அங்குப் பேணுவோரும் மனைமகளிரே. இலை, நெருப்பு, புகை, மனை, மகளிர் ஆகிய ஐந்தும் அங்கு உள்ளன. நீர் மட்டும் சேரவில்லை. அப்பாடலில் நிகழ்வது காவல்வினையா மருத்துவமா என்பதில் கருத்து வேறுபாடு கொள்ள இடமுண்டு. அக்காலத்தார் இவ்விரண்டையும் வேறாக எண்ணினரா என்பதே முதலில் தெளியவேண்டும்.

வேதுக்குரிய இலைகளுள் தலைமையானது நொச்சி. அதனைப் போர்த்திணையின் பூவாக மட்டும் நினைந்து பழகிவிட்டோம். புறநானூற்று 271, 272ஆம் பாடல்கள் அப்பழக்கத்துக்குத் துணைசெய்கின்றன. ஆனால் அகநானூற்று 21ஆம் பாடலில் நொச்சி மனையோடு அடைகொடுக்கப்பட்டு வருகிறது. முல்லையின் ஓரினமாகிய மௌவல் அதன்மேற் படர்ந்து நிற்கிறது. வீட்டை ஒட்டி வளர்க்கப்பட்ட மரம் அது. தொண்டை நாட்டு ஊர்ப்புறங்களில் வேலியாகவும் வாய்க்கால் ஓரத்திலும் நொச்சியை இன்றும் காணலாம். ஆடு மாடு கடியாமையால் வேலிக்கு அது ஏற்றதாயிற்று. வேலியில் நின்றமையால் கைக்கு எட்டிய மருந்தாயிற்று. அரணைக் காத்தோர் சூடிய பூ, மனையரணில் நிற்பதும் பொருத்தமே.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் மலர்களுள் சிந்துவாரமும் உண்டு. அது கருநொச்சி என்பர். அதனை அடுத்தே தும்பையும் துழாயும் வருகின்றன. இம்மூன்றன் இலைகளும் வேதுச் சட்டியில் ஒருங்கே இடப்படுவன என்பதைக் கண்டு மகிழாதிருத்தல் இயலாது. எனினும் அவ்வடுக்கு ஓசைநயம் நோக்கி அமைந்ததே. அதனைக் கொண்டு கபிலர்க்கு வேது தெரியும் என்று நிறுவுதல் ஆராய்ச்சி ஆகாது. இத்தகைய ஆசைக்கு இடங்கொடுத்தே நம் மருத்துவ வரலாற்று நூல்கள் பல கெட்டன.

சித்த மருத்துவ நூல்வழக்கில் வேதுக்கு உறுதியான இடம் உண்டு. அகமருந்து 32, புறமருந்து 32 என வகுக்குமிடத்து, கட்டு, பற்று, ஒற்றடம், பூச்சு என்பவற்றை அடுத்து ஐந்தாவதாக வேது எண்ணப்படுகிறது. புகை என்பது தனியே பின்னர் வருகிறது. இப்பகுப்பு நுட்பமானது. ஈரமுடைய வெம்மை வேது; ஈரமற்ற வெம்மையின் மணம் புகை; துணியில் முடிந்து ஒற்றும் வெம்மை ஒற்றடம். மூக்கில் விடும் நசியம் பிறிதொன்று. வெம்மையும் மணமும் உடலைச் சேரும் வழிகளை இவ்வாறு பிரித்து நோக்கியவர் செயலறிவு மிக்கோராதல் வேண்டும். ஆனால் நூலில் பெயர் பெற்றதனாலேயே வேது மருத்துவனின் தொழிலாகிவிடவில்லை. அறுவையும் குருதி வாங்கலும் அதே பட்டியலில் உள்ளன. அவற்றை எந்தப் பாட்டியும் செய்வதில்லை. 32 புறமருந்துகளுள் சில வைத்தியன் கையில் நின்றன; சில வீட்டுக்கு வந்தன; அல்லது வீட்டினின்று நூலுக்குச் சென்றன. எது எத்திசையில் சென்றது என்பதே வரலாற்று வினா. வேதினைப் பொறுத்தவரை, வீட்டினின்று நூலுக்குச் சென்றது என்பதே எம் துணிபு. 'கைமருந்து', 'கைமுறை' என்னும் சொற்கள் அதற்குத் துணைநிற்கும்.

நோய்க்கு மக்கள் இட்ட பெயரும் இதற்கு அரண் செய்கிறது. தலையில் நீர் 'கோத்து'க்கொண்டது என்பர். நீர்க்கோவை என்பது நோய்ப்பெயர். கோத்தது இளகி இறங்கவேண்டும். இளக்குவதற்கு வெம்மை வேண்டும். மும்மை நாடிக் கொள்கையில் ஐயம் மிகுதலாக மருத்துவன் கூறுவதை, மனையில் உள்ளாள் நீர் கோத்தல் என்னும் ஒரு சொல்லால் முடித்துவிடுகிறாள். நோய்ப்பெயரிலேயே மருந்தும் குறிப்பாக நிற்கிறது.

செய்முறையைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். ஏனெனில் அச்சிட்ட நூல்களில் அது ஓரிரு வரியோடு நின்றுவிடுகிறது. அகன்ற வாயையுடைய மண்சட்டியில் அல்லது அண்டாவில் பாதிக்குமேல் நீர் நிரப்பி, நொச்சி, வேம்பு, ஆடாதோடை, துளசி, எலுமிச்சை இலை, கற்பூரவல்லி ஆகியவற்றுள் கிடைத்தவற்றை இட்டு, சிறிது மஞ்சட்பொடி தூவி, மூடிக் கொதிக்கவைப்பர். இலை முதலிலேயே இடப்படுமாயின் மணம் மூடியோடு போய்விடும் என்று கடைசியில் இடுவாரும் உண்டு. அடுப்பினின்று இறக்கித் தரையில் அசையாது வைத்து, நோயாளி குனிந்து அமர, கம்பளியோ கனத்த போர்வையோ தலைமுதல் தரைவரை மூடப்படும். மூடியைச் சிறிது சிறிதாக விலக்குதலே இதில் உள்ள திறம். முழுதும் ஒருங்கே திறந்தால் முகம் வேகும். ஆவி தணிந்துழி, நெருப்பில் பழுக்கக் காய்ச்சிய செங்கல் துண்டு ஒன்றைச் சட்டிக்குள் விடும் முறையும் உண்டு. நீர் மீண்டும் சீறி ஆவி எழும். பின்னர் முகத்தைத் துடைத்து, காற்றுப் படாமல் இருத்துவர். எஞ்சிய நொச்சியிலையைத் தலையணையில் அடைத்துப் படுத்தலும் வழக்கு.

இச்செங்கல் முறையே ஆராய்ச்சிக்குப் பெரிதும் வேண்டுவது. நெருப்பின்மேல் வைத்தற்கியலாத கலத்தில் நீரைக் காய்ச்சும் பழைய உத்தி அது. சரகர் கூறும் பதின்மூன்று ஸ்வேதங்களுள் கல்லைச் சுடவைப்பதும், குடத்தைப் பயன்படுத்துவதும், குழாய்வழி ஆவியைச் செலுத்துவதும் உண்டு. மேலைநாட்டில் ஆவி உறிஞ்சும் கலம் பெயர்பெற்றது 1778ஆம் ஆண்டில் பிளிமத் நகர மருத்துவர் சான் மட்சு எழுதிய இருமல் பற்றிய நூலால் ஆகும்; ஈயம் கலந்த உலோகக் குவளையில் மூடியும் குழாயும் பொருத்தி அவர் அமைத்தார். குழாய் வந்தபின் போர்வை வேண்டாததாயிற்று. நம் வீடுகளில் போர்வையே குழாயாய் நின்றது.

19ஆம் நூற்றாண்டில் வேதுச் சட்டிக்குள் ஒரு புதிய மணம் புகுந்தது. ஆத்திரேலியாவினின்று யூகலிப்டசு மரம் 1843ஆம் ஆண்டளவில் நீலகிரியில் நடப்பட்டது. உதகையின் விறகுத் தேவைக்கு எனப் பின்னர்ப் பரப்பப்பட்டது. விறகுக்கு வந்த மரம் மருந்துக்கு ஆயிற்று. அதன் இலையினின்று வடித்த எண்ணெய் 'நீலகிரித் தைலம்' எனவும், மரம் 'தைலமரம்' எனவும் பெயர் பெற்றன. அயல்நாட்டு மரத்துக்கு நாட்டு மலையின் பெயரைச் சூட்டித் தமிழர் அதனைத் தமதாக்கிக்கொண்டனர். தைலம் வந்தபின் இலை பறிக்கும் வேலை குறைந்தது. இரு துளி போதும் என்றாயிற்று. 1893ஆம் ஆண்டில் காசிநாதுனி நாகேசுவர ராவ் பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சனம், பின்னர்ச் சென்னைக்கு வந்து வீடுதோறும் புகுந்தது. அதனையும் வெந்நீரில் கரைத்து ஆவி பிடிப்போர் பலர். வேது இவ்வாறு வேலியினின்று கடைக்கு இடம்பெயர்ந்தது. சென்னை மாகாண அரசு நாட்டு மருத்துவம் பற்றி அமைத்த உசுமான் குழு 1923ஆம் ஆண்டில் தன் அறிக்கையை அளித்தபோது, அது சான்று கேட்டது வைத்தியரிடமும் அகீம்களிடமும்தான். மனைமருந்துக்குச் சான்று கூறுவார் எவரையும் அழைக்கவேண்டும் என்னும் எண்ணம் அக்காலத்தில் எழவில்லை.

வேது பயன்தருமா என்பது வரலாற்றாசிரியன் வினா அன்று எனினும், அதனை ஒதுக்கிவிட்டு எழுதுதல் நேர்மையன்று. தடுமனுக்குச் சூடான ஈரக்காற்றை உறிஞ்சுதல் பற்றிய ஆய்வுகளைச் சண்டிகர் மருத்துவர் மீனு சிங்கும் உடனாய்வாளரும் தொகுத்து மதிப்பிட்டு, 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட காக்கிரேன் மதிப்புரையில், உறுதியான நன்மை காட்டப்படவில்லை என்றே முடித்தனர். ஆவியில் கலந்த கற்பூரம், தைலம் போன்றவற்றின் மணம் மூக்கின் குளிர்ச்சியுணர் நரம்புகளைத் தூண்டுவதால், வழி திறவாமலே திறந்தது போன்ற உணர்வு தோன்றுதல் கூடும் என்பதும் அறிவியலார் கண்டது. கொதிநீர் கவிழ்ந்து சிறுவர் வெந்துபோதலை மேலைநாட்டு மருத்துவ ஏடுகள் மீண்டும் மீண்டும் எச்சரித்துள்ளன. இவற்றால் வேதின் வரலாறு சிறுமைப்படாது. மூக்கடைத்துக் கிடக்கும் ஒருவன் அருகில் ஒருத்தி சட்டியை வைத்து, போர்வையைப் பிடித்து அமர்ந்திருத்தல் எந்தச் சோதனைமுறையிலும் அளக்கப்பட்டதன்று.

கோவிடு தொற்றுக் காலம் வேதின் நெடிய வரலாற்றில் ஒரு புதுமையை உண்டாக்கியது. 2020ஆம் ஆண்டில் நடுவண் அரசின் ஆயுசு அமைச்சகம், புதினா அல்லது ஓமம் இட்டு ஆவி பிடித்தலைத் தன் அறிவுரையில் சேர்த்தது. அரசின் ஏடு ஒன்றில் மனைவேது ஏறிய அரிய நிகழ்ச்சி அது. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில், தமிழகத்தின் பல இடங்களில் பொதுமக்கள் வரிசையில் நின்று ஆவி பிடிக்கும் கருவிகள் வைக்கப்பட்டன. அழுத்தச் சமையற்கலத்தில் குழாய் பொருத்தியனவும் அவற்றுள் உண்டு. சரகரின் குழாய் ஸ்வேதம் தெருவுக்கு வந்துவிட்டது என்று சொல்லலாம். அப்பொழுது மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சராயிருந்த மா. சுப்பிரமணியன், பொது இடங்களில் ஆவி பிடித்தலைத் தவிர்க்குமாறும், மருத்துவர் அறிவுரையின்றி அதனைச் செய்யவேண்டா எனவும் கேட்டுக்கொண்டார். நோய் பரவும் என்னும் அச்சமே காரணம். போர்வைக்குள் ஒருவரே அமர்ந்து செய்த செயலைப் பலர் நடுவே செய்யப் புகுந்தமையால் வந்த இடர் அது. வேது மனைக்குரியது என்னும் பழைய வரம்பு, மருத்துவக் காரணத்தாலும் மெய்யாயிற்று.

மீண்டும் திருமுக்கூடற் சாசனத்துக்கு வருவோம். அவ் ஆதுலர்சாலை ஊர்மக்கள் அனைவர்க்கும் எனத் திறந்ததன்று. அங்குத் தங்கிக் கற்ற மாணாக்கர்க்கும் ஆசிரியர்க்கும் கோயிற் பணியாளர்க்கும் உரியது. தம் வீட்டு அடுப்பினின்று பிரிந்து வாழ்ந்தோர் அவருட் பலர். வீட்டில் கிடைக்கும் பேணுதலைச் சம்பளம் கொடுத்து ஏற்படுத்த வேண்டிய நிலை அங்கு எழுந்தது. அதனாலேயே மருந்து அடும் பெண்டிர் இருவர் சாசனத்தில் இடம் பெற்றனர். வீட்டில் அதே வேலையைச் செய்த பல்லாயிரவர் எச்சாசனத்திலும் இல்லை. ஆகவே அக்கல்வெட்டு வேதினைக் கூறாவிடினும், வேது செய்வார் மனையை விட்டு வெளியே வந்த நிலையை நமக்குக் காட்டுகிறது.

அத்தகைய நிலை அதே வட்டாரத்தில் இன்று பேரளவில் தோன்றியுள்ளது. 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார்த்தொழிற்சாலை எழுந்ததுமுதல், திருப்பெரும்புதூர், ஒரகடம், வல்லம், வடகால், பிள்ளைப்பாக்கம் எனத் தொழிற்பேட்டைகள் பரவின. வெளி மாவட்டங்களினின்றும் வெளி மாநிலங்களினின்றும் வந்த இளைஞரும் இளம்பெண்டிரும் விடுதிகளில் தங்கி முறைவேலை செய்கின்றனர். வல்லம் வடகாலில் 2024ஆம் ஆண்டு ஆகத்து 17ஆம் நாள் திறக்கப்பட்ட தொழிலாளர் குடியிருப்பு ஒன்று மட்டுமே 18,720 பெண்டிர் தங்கும் அளவினது. திருமுக்கூடலில் நோயாளர்க்குப் பதினைந்து படுக்கை அமைந்ததற்கும் இதற்கும் இடையே ஏறத்தாழ 957 ஆண்டுகள். பொதுச் சமையற்கூடம் உள்ள இடத்தில் தனியடுப்பு இராது. தனியடுப்பு இல்லாத இடத்தில் சட்டியும் இலையும் இரா. அங்கு வேதின் இடத்தைப் பிடிப்பது மின்சாரத்தால் இயங்கும் சிறு ஆவிக்கலமும் தைலக்குப்பியும் ஆகும். தருமபுரியினின்று வந்தவளும் ஒடிசாவினின்று வந்தவளும் ஒரே குப்பியைப் பயன்படுத்துவர். ஆனால் அவரவர் தாய்வீட்டில் இட்ட இலை வேறு, சொல்லும் வேறு.

நிலம் தொழிற்பேட்டைக்கு ஆயின ஊர்களில் வேலியும் வாய்க்கால் ஓரமும் மாறிவிட்டன. அவ்வூர்களில் எழுபது, எண்பது வயதுடைய மூதாட்டியர் இன்னும் உளர். சாசனமும் ஏட்டுச்சுவடியும் தேடி நெடுந்தொலைவு செல்லும் நம் முதுகலை மாணவர், இவரிடம் சென்று எழுதிக்கொள்ள வேண்டியவை பல. அவர் வேது என்பரா, ஆவி என்பரா, வேறு பெயர் உண்டா, எத்தனை இலை, அவற்றுள் எதனை விலக்குவர், பிள்ளை பெற்றவளுக்கும் கைக்குழந்தைக்கும் வேறுபாடு யாது, சட்டியா செங்கல்லா, செங்கல் எனின் எத்தனை முறை விடுவர், நொச்சி அருகிய பின் அதன் இடத்தில் எதனை இட்டனர், போர்வைக்குள் சிறுவனை மடியில் வைத்துக்கொண்டு தாமும் அமர்வரா, இதனை யார் அவர்க்குக் கற்பித்தார், பிறந்த வீட்டிலா புகுந்த வீட்டிலா. கடைசி வினாவுக்குக் கிடைக்கும் விடையைக் கொண்டே, இம்மருந்து ஊர்விட்டு ஊர் எவ்வழிச் சென்றது என்பதை வரைபடத்தில் குறித்தல் இயலும். அவ்விடைகளை எழுதும்போது, விடை கூறும் மூதாட்டி இசைவாளாயின், அவள் பெயரையும் உடன் எழுதிக்கொள்ளுதல் வேண்டும்.